நாயின் புழுவுக்கு நம்மிடம் என்ன வேலை?

1867ஆம் ஆண்டு. இத்தாலியின் சிசிலித் தீவில் பலெர்மோ என்றொரு ஊர். ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு மேல் இமையில் கட்டி. ஆஞ்செலோ பாச்சே என்ற மருத்துவர் அந்தக் கட்டிக்குள்ளிருந்து ஒரு புழுவை எடுத்தார்.

நூற்றைம்பது வருடம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் கேரளத்திலும் இலங்கையிலும் கண் மருத்துவர்கள் அந்தப் புழுவை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். "கண்ணுல என்னவோ உறுத்துது டாக்டர்" என்று ஒருவர் வருவார். கண் சிவந்திருக்கும். மருத்துவர் விளக்கடித்துப் பார்ப்பார். வெள்ளை விழியை மூடி, ஒளி ஊடுருவும் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதற்கு அடியில் வெள்ளையாக ஒரு புழு வளைந்து நெளிந்து நகரும். மரத்துப்போக மருந்து விட்டு, சவ்வில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்தால் புழு வெளியே வந்துவிடும். பெரும்பாலும் வைத்தியம் அதோடு சரி.

பயந்துவிடாதீர்கள். இது எல்லாருக்கும் வருகிற நோய் இல்லை. பொதுவாக உயிருக்கு ஆபத்தும் இல்லை. ஆனால் அந்தப் புழு அங்கே எப்படிப் போனது? மண்ணில் விளையாடியதாலா? கை கழுவாமல் சாப்பிட்டதாலா? குளத்தில் குளித்ததாலா? எதுவும் இல்லை. ஒரு கொசு கொண்டுவந்து விட்டது. கொசுவுக்கு அது ஒரு நாயிடமிருந்து கிடைத்தது.

புழுவின் பெயர் டைரோஃபைலேரியா ரெப்பென்ஸ். சுருக்கமாக ரெப்பென்ஸ் என்றே கூப்பிடுவோம். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். தண்ணீர்த் தொட்டியில் துள்ளித் துள்ளி நெளியுமே, அந்தக் கொசுப்புழு இது இல்லை. அது கொசுவின் குஞ்சு. ரெப்பென்ஸ் தனி உயிரினம். கொசுவின் உடம்பைக் கொஞ்ச நாள் பயன்படுத்திக்கொள்வதோடு சரி.

நாயின் தோலுக்கு அடியில்

உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் 15 சென்டிமீட்டர் ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த பெண் ரெப்பென்ஸ் 10 முதல் 17 சென்டிமீட்டர் வரை நீளும். ஆண் புழு 5 முதல் 7 சென்டிமீட்டர்தான். தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். இவ்வளவு நீளமான புழு நாயின் தோலுக்கும் தசைக்கும் நடுவில் வருடக்கணக்கில் வாழும். பெரும்பாலான நாய்களுக்கு அது இருப்பதே தெரியாது. சில நாய்களுக்கு அரிப்பு இருக்கும், சிலவற்றுக்குத் தோலில் சிறு கட்டிகள் வரும். மற்றபடி நாய் வாலாட்டிக்கொண்டு ஓடி விளையாடும்.

பெண் புழு முட்டை இடாது. உயிருள்ள குட்டிகளாகவே ஈனும். அந்தக் குட்டிகளுக்கு மைக்ரோஃபைலேரியா என்று பெயர். அவை ரத்தத்தில் கலந்துவிடும்.

கால்நடை மருத்துவர் அவற்றை எப்படிப் பார்க்கிறார் தெரியுமா? நாயிடமிருந்து ஒரே ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடிச் சில்லில் வைத்து, மேலே மெல்லிய சில்லால் மூடி, நுண்ணோக்கிக்கு அடியில் தள்ளுவார். முதலில் புழு கண்ணில் படாது. வட்ட வட்டமாகச் சிவப்பணுக்கள் அசையாமல் கிடக்கும். ஓரிடத்தில் மட்டும் அவை திடீரென்று விலகும், குதிக்கும், மறுபடி கூடும். அங்கே கூர்ந்து பார்த்தால் நிறமே இல்லாத ஒன்று சாட்டையாய்ச் சுழன்று அணுக்களை முட்டித் தள்ளிக்கொண்டிருக்கும். அதுதான் குட்டி. நீளம் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் வரும். தடிமன் கிட்டத்தட்ட ஒரே ஒரு சிவப்பணுவின் அகலம்தான். அதனால்தான் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களிலும் அதனால் நுழைந்து போக முடிகிறது.

குட்டிகள் குறைவாக இருந்தால் ஒரு சொட்டில் சிக்காது. அப்போது ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தை ஃபார்மலின் கரைசலில் கலப்பார்கள். சிவப்பணுக்கள் உடைந்துவிடும். பிறகு அதை வேகமாகச் சுழற்றி, அடியில் தங்கியதை எடுத்து நீலச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள்.

இந்தக் குட்டிகள் நாயின் ரத்தத்தில் மாதக்கணக்கில் இருந்தாலும் கொஞ்சமும் வளராது. வளர வேண்டுமானால் ஒரு கொசுவுக்குள் போயே ஆக வேண்டும்.

கொசுவுக்குள் நடப்பது

பெண் கொசுதான் கடிக்கும். முட்டை வளர அதற்கு ரத்தம் வேண்டும். அது நாயைக் கடிக்கும்போது ரத்தத்தோடு குட்டிகளும் வயிற்றுக்குள் போகின்றன. ஒரு நாளுக்குள் அவை வயிற்றை விட்டு நழுவி, கொசுவின் கழிவை வடிக்கும் நுண்குழாய்களுக்குள் நுழைந்துவிடும். நம் உடம்பில் சிறுநீரகம் செய்கிற வேலையைக் கொசுவுக்கு அந்தக் குழாய்கள் செய்கின்றன.

அங்கே குட்டி முதலில் குட்டையாகத் தடிக்கும். பிறகு இரண்டு முறை சட்டை உரிக்கும், நீளும். கடைசியில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு வந்துவிடும். கொசுவின் உடம்போ 5 மில்லிமீட்டர் அளவுதான். உங்கள் உயரம் 5 அடி என்றால், ஒரு அடி நீளப் புழு உங்களுக்குள் சுற்றுவதற்குச் சமம்! அதுவும் ஒன்றல்ல, பல. நிறையக் குட்டிகளை விழுங்கிய கொசு பாரம் தாங்காமல் செத்தே போகும். அளவாக விழுங்கியது பிழைக்கும். அதன் தலைப் பக்கம் போய்ச் சேர்கின்றன வளர்ந்த புழுக்கள்.

நம் ஊர் வெயிலில் இதற்கெல்லாம் 10 முதல் 14 நாள் ஆகும். குளிர் கூடினால் நாள் கூடும். வெப்பம் 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். அதனால்தான் குளிர் நாடுகளில் இந்தப் புழு நெடுங்காலம் இல்லாமல் இருந்தது. இப்போது ஐரோப்பாவில் கோடை சூடேற, தெற்கே இத்தாலிப் பக்கம் இருந்த ரெப்பென்ஸ் வடக்கே போலந்து வரை பரவிவிட்டது. கேரளத்துக்கும் இலங்கைக்கும் தமிழ்நாட்டுச் சமவெளிக்கும் அந்தத் தடையே கிடையாது. வருடம் முழுக்க அதற்குத் தோதான வெப்பம்தான்.

இப்போது அந்தக் கொசு பசியோடு வந்து உங்கள் கையில் உட்காருகிறது. அதன் குழல் ஒற்றை ஊசி இல்லை. ஆறு மெல்லிய ஊசிகள், அவற்றைச் சுற்றி ஓர் உறை. ஊசிகள் மட்டும் தோலுக்குள் இறங்கும். உறை வெளியிலேயே மடங்கி நிற்கும். புழுக்கள் காத்திருப்பது அந்த உறைக்குள். உறை வளைந்ததும் அதன் நுனியைக் கிழித்துக்கொண்டு, கொசுவின் உடல் நீர் ஒரு துளியோடு, உங்கள் தோல்மேல் வந்து விழும். தோலைத் துளைக்கிற பலம் அவற்றுக்குக் கிடையாது. கொசு ஊசியை உருவிக்கொண்டு பறந்ததும், அது விட்டுச்சென்ற துளையைத் தேடி ஊர்ந்து உள்ளே இறங்கும்.

பார்த்தீர்களா? கொசு புழுவை ஊசி போட்டு உள்ளே செலுத்துவதில்லை. புழுதான் அந்தத் துளை வழியாக நுழைகிறது.

வாழைப்பழம் தின்ற கொசுக்கள்

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய பெரிய அறிஞர்களுக்கே இருபது வருடத்துக்கு மேல் ஆனது. சீனாவின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் வேலை பார்த்தார். மனிதரின் யானைக்கால் நோய்ப் புழு அவருடைய ஆராய்ச்சி. 1877இல், ரத்தத்தில் புழுக் குட்டிகள் இருந்த தன் தோட்டக்காரரைக் கொசுக்கள் கடிக்கும்படி விட்டார். பிறகு அந்தக் கொசுக்களை நாளுக்குச் சில என்று அறுத்துப் பார்த்தார். குட்டிகள் கொசுவுக்குள் வளர்வது தெரிந்தது. ஒரு பூச்சிக்குள் மனித நோய்ப்புழு வளர்வதை உலகம் அறிந்தது அப்போதுதான்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் தப்பான பக்கம் திரும்பிவிட்டார். கொசு ஒரு தடவை ரத்தம் குடிக்கும், தண்ணீரில் முட்டை இட்டதும் செத்துவிடும் என்றுதான் அந்தக் காலத்தில் நினைத்தார்கள். அப்படியானால் கொசுவோடு புழுவும் தண்ணீரில் விழுகிறது, அந்தத் தண்ணீரைக் குடிக்கிற மனிதருக்குப் புழு போகிறது என்று மேன்சன் கணக்குப் போட்டார்.

ஆஸ்திரேலியாவில் தாமஸ் பேன்கிராஃப்ட் என்ற மருத்துவர் கொசுக்களைக் கூண்டில் வைத்து வாழைப்பழம் கொடுத்து வளர்த்தார். அவை செத்துப்போகவில்லை! இரண்டு வாரத்துக்கும் மேல் தாக்குப் பிடித்தன. புழு முழுசாக வளர்வதற்கு அந்த நாட்கள் போதும். அவர் அந்தக் கொசுக்களைப் பதப்படுத்தி லண்டனுக்கு அனுப்பினார். 1900இல் அங்கே ஜார்ஜ் கார்மைக்கேல் லோ என்பவர் அவற்றை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார். கொசுவின் குழலுக்குள்ளேயே புழு இருந்தது. குடிக்கும் தண்ணீரால் இல்லை, கடியால்தான் பரவுகிறது என்பது புலப்பட்டது. அதே வருடம் இத்தாலியில் கிராஸி, நோயே என்ற இருவர் நாயின் புழுவை வைத்து ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார்கள். மனிதரின் புழு, நாயின் புழு இரண்டும் நெருங்கிய உறவு என்பதால், ஒன்றைப் பற்றித் தெரிந்துகொண்டது மற்றதற்கும் உதவியது.

நமக்குள் வந்தால்?

ரெப்பென்ஸ் புழுவுக்கு நாயின் உடம்புதான் ஏற்றது. நம் உடம்பில் அது பெரும்பாலும் தனி ஆளாகத்தான் வளரும். ஜோடி கிடைக்காது, குட்டி போட முடியாது, ரத்தத்தில் குட்டிகள் சேராது. ஆகவே உங்களிடமிருந்து எந்தக் கொசுவும் இன்னொருவருக்கு இந்தப் புழுவைக் கொண்டுபோகாது. புழுவின் பயணம் நம்மோடு முடிந்துபோகிறது.

ஆனால் அது சும்மா இருக்காது. தோலுக்கு அடியில் அங்கும் இங்கும் ஊர்ந்து திரியும். கையிலோ முகத்திலோ கண்ணிலோ வந்து தலைகாட்டும். நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் அதைச் சூழ்ந்து அடைத்துவிடும். அந்த இடம் ஒரு சிறு கட்டியாகத் திரளும். கட்டியை அகற்றிச் சோதிக்கும்போதுதான் உள்ளே புழு என்று தெரியவரும்.

இதற்கு ஓர் அண்ணன் உண்டு: நாயின் இதயப் புழு, டைரோஃபைலேரியா இம்மிடிஸ். பெண் புழு 25 முதல் 30 சென்டிமீட்டர், அதாவது உங்கள் பெரிய ஸ்கேல் நீளம். அது நாயின் இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களில் குடியிருக்கும். ஐந்தாறு வருடம்கூட உயிரோடு இருக்கும். புழுக்கள் சேரச் சேர, நாய் இருமும், சீக்கிரம் களைத்துப்போகும், கடைசியில் செத்தும் போகலாம். மனிதருக்கு வந்தால் அது நுரையீரலின் சிறு குழாயில் அடைபட்டுச் செத்துவிடும். எக்ஸ்ரேயில் காசு அளவுக்கு வட்டமாக ஒரு நிழல் விழும். புற்றுநோயோ என்று மருத்துவர்களே சந்தேகப்பட்டு அறுவை செய்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே இருந்தது செத்த புழு.

இலங்கை சொல்லும் பாடம்

இலங்கை கொசு நோய்களை விரட்டுவதில் கெட்டிக்கார நாடு. அங்கே கொசுவுக்கு நுளம்பு என்று பெயர். யானைக்கால் நோயை மக்களை வாட்டும் நோய் என்ற நிலையிலிருந்து இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. யானைக்கால் நோய்க்கு முக்கியக் காரணமான வுச்சரீரியா புழு மனிதரிடம் மட்டுமே வாழ்வது. எனவே ஊரில் எல்லாருக்கும் மாத்திரை கொடுத்து, மனித ரத்தத்தில் இருக்கும் குட்டிகளைத் தீர்த்துவிட்டால், கொசுவுக்கு எடுத்துப்போக எதுவும் மிஞ்சாது.

நாயோடு பகிர்ந்துகொள்ளும் புழுக்களிடம் இந்த வித்தை முழுசாகப் பலிக்காது. நாட்டில் ஒருவர் விடாமல் மாத்திரை விழுங்கினாலும், நாயின் ரத்தத்தில் குட்டிகள் அப்படியே இருக்கும். அதனால் இலங்கையில் ரெப்பென்ஸ் இன்னும் மனிதரிடம் தென்படுகிறது. சின்னப் பிள்ளைகளிடமும் கண்டிருக்கிறார்கள்.

ப்ரூஜியா என்ற இன்னொரு புழுவும் உண்டு. இதுவும் யானைக்கால் நோயை உண்டாக்குவது. மனிதருக்குள்ளும் குட்டி போடும். இலங்கையில் 1960களின் கடைசியில் இது ஒழிந்துவிட்டது என்று நம்பினார்கள். கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்து, 2006இல், மறுபடி தலைகாட்டியது. நாய்களையும் பூனைகளையும் சோதித்தபோது அவற்றின் ரத்தத்திலும் ப்ரூஜியா குட்டிகள் இருந்தன.

ப்ரூஜியாவைச் சுமக்கும் மேன்சோனியா கொசு ஒரு தந்திரக்காரி. பெரும்பாலான கொசுக்களின் குஞ்சுகள் மூச்சு விட நீர்ப்பரப்புக்கு வந்தாக வேண்டும். மேன்சோனியாவின் குஞ்சோ தன் கூரான மூச்சுக் குழலை ஆகாயத்தாமரை மாதிரி நீர்ச்செடிகளின் வேரில் குத்தி, வேருக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சிக்கொள்ளும். மேலே வரவே வராது. தண்ணீருக்கு மேல் எண்ணெய் தெளித்து அதைக் கொல்ல முடியாது. செடியை அகற்றினால்தான் அது சாகும். கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்துச் சேர்த்தலை, ப்ரூஜியாவுக்குப் பேர்போன இடமாக இருந்தது. 1980களில் புதுச்சேரியில் இருக்கும் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையத்தார் அங்கே போய், ஊர்மக்களோடு சேர்ந்து குளங்களில் செடியை அகற்றி மீன் வளர்க்க வைத்தார்கள். கொசுவும் குறைந்தது, கையில் காசும் வந்தது.

ஒரு பிடி மண்ணிலிருந்து வந்த மருந்து

ஜப்பானில் கவானா என்ற இடத்தில், கோல்ஃப் மைதானம் ஒன்றின் அருகே எடுத்த மண்ணில் ஒரு புதுவகைப் பாக்டீரியாவைக் கண்டார் சதோஷி ஒமுரா. அமெரிக்காவில் வில்லியம் கேம்ப்பெல் அதைச் சோதித்தார். புழுக்களைக் கொல்லும் பொருள் ஒன்றை அது சுரப்பது தெரிந்தது. அதிலிருந்து பிறந்த மருந்துதான் ஐவர்மெக்டின். இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மருந்தை மாதம் ஒரு முறை சரியான அளவில் கொடுத்தால், கொசு கொண்டுவந்து விட்ட இதயப் புழு நாய்க்குள் வளர்வதற்கு முன்பே செத்துவிடும். நாய்களுக்கான அந்த மாத மாத்திரை 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதே மருந்து மனிதரின் யானைக்கால் நோய்ப் புழுக்களையும் விரட்ட உதவுகிறது.

ஆனால் நாமே கடையில் வாங்கி நாய்க்குக் கொடுக்கக் கூடாது. கோலி (Collie) மாதிரிச் சில இன நாய்களுக்கு அளவு மீறினால் இந்த மருந்தே விஷம். ஏற்கனவே இதயப் புழு உள்ள நாய்க்கு யோசிக்காமல் கொடுத்தாலும் ஆபத்து. கால்நடை மருத்துவர் ரத்தத்தைச் சோதித்த பிறகுதான் எதுவும்.

நீங்கள் கேட்கப்போகும் கேள்விகள்

*நாயைத் தொட்டால், கட்டிப் பிடித்தால் இந்தப் புழு வருமா?*
வராது. நாய் நக்கினாலும் வராது. கொசுவுக்குள் பத்து நாளுக்கு மேல் வளராத குட்டியால் நம்மை ஒன்றும் செய்ய முடியாது. (நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ அது வேறு விஷயம். உடனே சோப்புப் போட்டுக் கழுவி, வெறிநாய்க்கடி ஊசிக்கு ஓட வேண்டும்.)

*அப்படியானால் தெருநாய்களை எல்லாம் விரட்டிவிட்டால்?*
விரட்டிய நாய் அடுத்த தெருவுக்குப் போகும். அதன் ரத்தத்தில் இருக்கும் குட்டிகளும் கூடவே போகும். காலியான இடத்துக்கு வேறு நாய் வரும். கொசு இங்கேயேதான் இருக்கும். நாய்க்கு மருந்து கொடுப்பதும் கொசுவைக் குறைப்பதும்தான் வழி. நாய் இந்தக் கதையில் குற்றவாளி இல்லை, நம்மைப் போல அதுவும் கடிபட்டதுதான்.

*கொசு கடித்த ஒவ்வொரு முறையும் பயப்பட வேண்டுமா?*
வேண்டாம். அந்தக் கொசு முன்பே புழுவுள்ள ஒரு நாயைக் கடித்திருக்க வேண்டும், இரண்டு வாரம் உயிரோடு இருந்திருக்க வேண்டும், பிறகு உங்களைக் கடிக்க வேண்டும், நுழைந்த புழுவும் தப்பிப் பிழைக்க வேண்டும். எல்லாம் ஒன்றுகூடுவது அபூர்வம். தோலுக்கு அடியில் ஏதாவது நகர்ந்தாலோ, கட்டி இடம் மாறினாலோ, பெரியவர்களிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். கிள்ளியோ அமுக்கியோ பார்க்காதீர்கள்.

செய்து பாருங்கள்

தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, நாயின் தண்ணீர்க் கிண்ணம்: வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கும் இடங்களைப் பட்டியல் போடுங்கள். கொசுப்புழு இருந்தால் பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு கொஞ்சம் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். நீர்ப்பரப்பில் தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் க்யூலெக்ஸ் அல்லது ஏடிஸ். பரப்போடு ஒட்டிப் படுத்திருந்தால் அனாபிலிஸ். மூன்றிலுமே நாயின் புழுவைச் சுமக்கக்கூடிய கொசுக்கள் உண்டு.

பார்த்து முடித்ததும் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அங்கே அவை பிழைத்துக்கொள்ளும். வெயில் காயும் தரையில் ஊற்றுங்கள். முட்டை கொசுவாகப் பறக்கப் பொதுவாக ஒரு வாரமாவது வேண்டும் என்பதால், வாரம் ஒரு நாள் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் போதும். நாயின் கிண்ணத்தை மட்டும் தினமும் கழுவுங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்து, எந்த இடத்தில் எந்த வாரம் கொசுப்புழு இருந்தது என்று நோட்டில் குறித்து, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.